தெற்குப் பக்கத்து வெள்ளைத் திரைகள்

நான் ஒரு வேலையை என் கையாலேயே செய்து முடிக்கப்போகிறேன் என்று அறிவித்தால், எங்கள் வீட்டில் உள்ளவர்கள் உடனே ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். முன்பெல்லாம் அது மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்குத் தெரியும், அந்த அமைதியில் அவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளை நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நாளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். என் மனைவி நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காக யன்னல்களுக்கு வெயில் மறைப்புத் திரை போட்டேன். அவள் நிம்மதியாகத்தான் தூங்கினாள். மற்ற எல்லாம் பிழையாகப் போயிற்று.

என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். டென்மார்க்கில், புரொண்பி என்ற இடத்தில், பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், நெடுங்காலமாக ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். (இயக்குகிறேன் என்றுதான் வெளியே சொல்வது. உண்மையில் அது தன்பாட்டில் இயங்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் நான் ஆளைக் கூப்பிடவேண்டும்.) ஆனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறையக் காலம் நின்றவனுக்குத் தன்னை ஓர் எஞ்சினியர் என்று நினைக்கும் வியாதி வந்துவிடும். எனக்கு வந்து முற்றியும் விட்டது.

என் மனைவி ராணி, ஹ்விடோவ்ரேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இரவு வேலைக்கு ஆள் இல்லை, கொஞ்சக் காலத்துக்குச் செய்யமுடியுமா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவளும் ஓம் என்றுவிட்டாள். கொஞ்சக் காலம் என்பது யாழ்ப்பாணத்திலும் டென்மார்க்கிலும் ஒரே நீளம்தான். அது முடியவே இல்லை.

பனிக்காலத்தில் பெரிய கஷ்டம் தெரியவில்லை. காலையில் அவள் வீட்டுக்கு வரும்போதும் இருட்டு, பின்னேரம் எழும்பும்போதும் இருட்டு. கோடை வந்ததும் நிலைமை மாறியது. இந்த நாட்டுச் சூரியனுக்குக் கோடையில் வீட்டு நினைவே வராது. எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. முகப்பு தெற்குப் பக்கம். படுக்கையறை, விறாந்தை, வரவேற்பறை எல்லாவற்றின் யன்னல்களும் அந்தப் பக்கம்தான். அவள் படுக்கப்போகும் நேரம் வெயில் கட்டிலுக்கு வரும், அவள் எழும்பும்வரை போகாது.

தடித்த திரைச்சீலை போட்டோம். வெளிச்சம் குறைந்தது, சூடு கூடியது. கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தாள். யாரோ தன்னைக் கடத்திக்கொண்டு போவது மாதிரிக் கனவு வருகிறதென்று கழற்றி எறிந்தாள். கண்ணாடி முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டினேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டு பென்ட் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற மனிதர், எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஓர் உறுப்பினர், முற்றத்தின் நடுவில் நிற்கும் பொதுக் கொடிக்கம்பத்துக்கு அவர்தான் பொறுப்பு. உள்ளே ஏதாவது செடி வளர்க்கிறீர்களா, அந்த மாதிரிச் செடி, என்று கஞ்சா என்ற சொல்லை வாயில் எடுக்காமல் மிகவும் பண்பாக விசாரித்தார். அலுமினியத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டேன்.

ஒருநாள் காலை, இரவு வேலை முடிந்து வந்த ராணி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, என்னாலை இனி ஏலாது."

நான் உடனே எழுந்துபோய் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பெண் ஏலாது என்கிறாள், அவள் புருஷன் யன்னலை அளக்கிறான். அந்த நேரம் எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பிரச்சினையைச் சொன்னாள், தீர்வைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தீர்வு என்னவோ சரியானதுதான். வெயில் கண்ணாடிக்குள்ளே வந்தபிறகு மறிப்பதில் பயனில்லை. வந்த சூடு உள்ளேதான் இருக்கும். கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்கவேண்டும். இதை நான் எங்கோ வாசித்துவிட்டுப் பிறகு நானே கண்டுபிடித்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாட்டின் மறுபக்கத்தில், ரண்டர்ஸில் கலியாணம் முடித்து இருக்கும் எங்கள் மகள் அனுஷா, இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், வந்து அளந்து பொருத்திவிட்டுப் போவார்கள் என்றாள். வீட்டில் நான் இருக்கும்போது எதற்கு வெளியாள் என்று கேட்டேன். அவள் டெனிஷில் ஒரு பெருமூச்சு விட்டாள். (எங்கள் பிள்ளைகள் பெருமூச்சையும் அந்த மொழியில்தான் விடுவார்கள்.)

பென்டிடம் அனுமதி கேட்டேன். யன்னல் சட்டமெல்லாம் வெள்ளை, அதனால் திரையும் வெள்ளையாக இருந்தால் சங்கத்துக்கு ஆட்சேபனை இராது என்றார். எனக்கும் வெள்ளைதான் வேண்டும், வெள்ளைதான் சூட்டைத் திருப்பி அனுப்பும். வெயிலைத் தடுக்கும், வெளிச்சமும் புகாத வெள்ளைத் துணியில் ஒரு முழுச் சுருளே வாங்கினேன். மரச்சட்டம் அடித்து, அதில் துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் ஊசி அடித்து, சட்டத்தை வெளிச் சுவரில் திருகாணியால் பூட்டுவது திட்டம். எங்கள் ஆட்களுக்கு நல்ல துணியை வெட்ட மனம் வராது. பிறகு எதற்காவது உதவும் என்று ஒவ்வொரு சட்டத்தின் கீழும் மிச்சத் துணியை அப்படியே தொங்க விட்டேன். காற்றுக்கு அது மெல்ல மெல்ல ஆடியது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

இதற்கிடையில் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு சம்பவம். சுவிசேஷம் வாசிக்கும்போது ராணி நின்றபடியே தூங்கி, முன்னால் இருந்த வாங்குப் பலகையில் சரிந்துவிட்டாள். எங்கள் தேவாலயப் பங்கில் செபமாலை நடத்தும் பிலோமினா அக்காதான் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். என்ன வருத்தம் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். மனைவியைத் தூங்கவைக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுக்க விருப்பமில்லாமல், கொஞ்சம் பலவீனம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். அந்த முகத்தை அவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் எனக்கு விடுமுறை தொடங்கியது. ராணி வேலைக்குப் போன மாலை, சத்தம் வரும் வேலைகளை எல்லாம் முடித்தேன். எல்லா யன்னல்களுக்கும் சுவரில் துளை போட்டு, படுக்கையறைத் திரையையும் பூட்டிவிட்டேன். காலையில் அவள் வந்தாள். அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நல்ல இருட்டு. கையை நீட்டித் துழாவிக்கொண்டு கட்டிலுக்குப் போகவேண்டியிருந்தது. அவள் முகத்தில் ஒரு நன்றி தெரிந்ததா என்று நான் பார்த்தேன், அந்த இருட்டில் தெரியவில்லை.

"நான் போறன்," என்றாள். "என்ன நடந்தாலும் எழுப்பாதேங்கோ."

"நீர் பேசாமப் படும். ஒரு சத்தமும் வராது," என்றேன்.

போனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் என் போனின் சத்தத்தை நிறுத்தினேன். வாசல் கதவில், மணி அடிக்கவேண்டாம், அமைதியாக இருக்கவும் என்று தமிழிலும் டெனிஷிலும் எழுதி ஒட்டினேன். பிறகு வெளியே போய் மற்றத் திரைகளைத் திருப்புளியால், கையால் மட்டும், மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பூட்டினேன். முகப்பு முழுவதும் முடிந்த பிறகும் சுருளில் துணி மிச்சம் இருந்தது. விறாந்தைக்குள்ளும் வெயில் விழுகிறதே என்று அதை வாசல் நிலைக்கு மேலே குறுக்காகக் கட்டிவிட்டேன்.

வேலை முடிந்து உள்ளே வந்து, வரவேற்பறை யன்னலைக் கொஞ்சம் திறந்து காற்று விடலாம் என்று தள்ளினேன். அது திறக்கவில்லை. டும் என்று எதிலோ முட்டியது. எதில் முட்டியது என்று யோசித்தேன். நான் பூட்டிய சட்டத்தில்தான்.

எங்கள் வீட்டு யன்னல்கள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொரு நாளும் நான் அவற்றை வெளிப்பக்கமாகத்தான் தள்ளித் திறந்துகொண்டு வந்திருக்கிறேன். நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், சுவரின் கனம்கூட அளந்தேன். அவை எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. முகப்பில் இருந்த அத்தனை யன்னல்களையும் வெளியிலிருந்து திருகாணி போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

போனை எடுத்து அனுஷாவைக் கேட்கலாம் என்று பார்த்தால் போனைக் காணவில்லை. சட்டம் பூட்டும்போது அதை யன்னலின் வெளிக்கட்டில் வைத்தது ஞாபகம் வந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில், கைக்கு எட்டாத இடத்தில், அது மல்லாந்து கிடந்தது. அதை எடுக்கவேண்டுமென்றால் மறுபடி எல்லாத் திருகாணியையும் கழற்றவேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

படுக்கையறைக் கதவை மெதுவாகத் திறந்தேன். உள்ளே காற்றே இல்லை. சூடு வேறு ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டு, சின்னப்பிள்ளை தூங்குவது மாதிரி. அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ வாரம். எழுப்ப மனம் வரவில்லை. பிணைச்சல், அதாவது கீல், வாங்கி வந்து சட்டங்களைக் கதவு மாதிரித் திறக்கச் செய்துவிடலாம், அவள் எழும்புமுன் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கட்டடச் சாமான் கடையில் பிணைச்சல் உடனே கிடைத்துவிட்டது. அதோடு திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் மின்விசிறி அடுக்கியிருந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பேச்சுக் கேட்டது. சென்னைப் பக்கத்து இளைஞர், கணினிக் கம்பனியில் வேலை, கையில் சின்னக் குழந்தை. குழந்தை சூட்டில் தூங்குவதில்லையாம், எந்த விசிறி நல்லது என்று போனில் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, விசிறி வீண் வேலை என்று தொடங்கினேன். வெயிலை எங்கே மறிக்கவேண்டும் என்பது பற்றி அவருக்கு ஒரு முழுப் பிரசங்கம் செய்தேன். கடைத் தரையில் விரலால் படமும் கீறிக் காட்டினேன். என் மனைவி இப்போது எப்படித் தூங்குகிறாள் தெரியுமா என்று கேட்டேன்.

"சூப்பர் சார்," என்றார் அவர். "எங்க வீட்டுக்கும் வந்து போட்டுத் தர்றீங்களா?"

மனிதனுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். யன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை முதலில் பார்க்கவேண்டும், பலபேர் அதைக் கவனிப்பதில்லை என்று அவருக்கு அறிவுரை சொல்லி, துணி இருக்கும் இடம், மரம் இருக்கும் இடம் எல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். அதற்குள் மத்தியானம் எப்போதோ தாண்டியிருந்தது.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது காரை நிறுத்த இடமில்லை. எங்கள் முற்றத்தைச் சுற்றி எல்லாம் தெரிந்த கார்கள். பிலோமினா அக்காவின் கார். பங்கில் பாட்டுப் படிப்பவர்களின் கார். அந்த வெயிலிலும் ஆண்கள் வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முற்றத்தில் வரிசையாகக் கதிரைகள். அவற்றில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் கொடி, கம்பத்தின் பாதியில் நின்றது. அதற்குக் கீழே பென்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஐயோ, எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் வயதான டெனிஷ் மனிசி போய்விட்டாவோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடைசி வீட்டு மனிசிக்கு எங்கள் ஆட்கள் எதற்கு வருகிறார்கள்? அப்போது நிமிர்ந்து என் வீட்டைப் பார்த்தேன்.

அதுவரை நான் அதை ஏணியில் நின்று, கைக்கெட்டும் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். தெருவில் நின்று பார்த்தது அப்போதுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வெள்ளை கட்டுவார்கள். வாசலில், சுவரில், பாதையோரத்தில் வெள்ளைத் துணி தொங்கும். அதைக் கண்டால் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை, சைக்கிளில் வருகிறவன் தானாக இறங்கி உருட்டிக்கொண்டு போவான். என் வீட்டின் ஒவ்வொரு யன்னலிலும் வெள்ளைத் துணி நுனி விட்டு ஆடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேலே குறுக்காக ஒன்று. அது ஒரு செத்தவீடு.

அதைக் கட்டியவன் நான். சாவு இல்லை என்பது உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் அந்த நேரம் என் தலையில் ஓடியது வேறு. அடைத்த யன்னல், காற்றில்லாத அறை, ஏறிக்கொண்டிருந்த சூடு. அதற்குள் அவளை வைத்துப் பூட்டிவிட்டுப் போய், கடையில் படம் கீறிக்கொண்டு நின்றிருக்கிறேன். காலையில் அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்கள் வாசல்படி தாண்டும்போது போறன் என்று சொல்வதில்லை, அது திரும்பி வராத போக்கு; போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். அவள் போறன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

பிலோமினா அக்கா எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, மனசைத் திடப்படுத்திக்கொள்ளும்," என்றார்.

"எப்ப அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அதை நீர்தானே சொல்லவேணும்," என்றார்.

கொஞ்சம் மூளை வேலை செய்திருந்தால் அந்தப் பதிலோடு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிணைச்சல் பை கையில் இருந்து விழுந்து, எல்லாம் கல்லில் கொட்டின. பென்ட் முன்னால் வந்து டெனிஷில் அனுதாபம் சொன்னார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

படுக்கையறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல இருட்டை நான்தான் செய்துவைத்திருந்தேன். யன்னலைத் திறக்க ஓடினேன், அது டும் என்று முட்டியது. திரும்பிக் கட்டிலில் துழாவினேன். அவள் கை கிடைத்தது. வியர்வையில் நனைந்திருந்தது. ராணி, ராணி என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு அவளைப் பிடித்து உலுக்கினேன். முற்றத்தில் செபமாலை நின்று, பெண்கள் ஓவென்று அழத் தொடங்கியது யன்னலுக்குள்ளால் கேட்டது.

"என்னப்பா," என்று இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "எழுப்பாதேங்கோ எண்டனான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நிலத்தில் இருந்து அழுதேன். அவள் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, என்னைப் பார்த்தாள். வெளியே அழுகைச் சத்தம் கூடிக்கொண்டு போனது.

"ஆர் செத்தது?" என்று கேட்டாள்.

"நீர்தான்," என்றேன்.

என்ன நடந்தது என்பது அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த வழியால் காரில் போன பிலோமினா அக்கா வெள்ளையைக் கண்டிருக்கிறார். ராணிக்குப் போன் செய்தால் நிறுத்தியிருந்தது. எனக்குச் செய்தால் எடுக்கவில்லை (அது திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடந்தது). இறங்கிவந்து கதவைப் பார்த்தால் அமைதியாக இருக்கவும் என்று எழுதியிருந்தது. முன்னால் என் காரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சரிந்த பெண், என் தொங்கின முகம், வெள்ளைத் துணி. இதற்கு மேல் யாருக்கு என்ன விசாரணை வேண்டும்? உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், நானும் அங்கேதான் நிற்பேன், வரும்வரை முற்றத்தில் இருப்போம் என்று முடிவெடுத்து எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். பென்ட் கேட்டபோது ராணி இறந்துவிட்டாள் என்றார்கள். அவர் உடனே கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி, பொதுமண்டபத்தில் இருந்து கதிரைகளையும் தூக்கிவந்து போட்டிருக்கிறார். மணி அடிக்கவேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஒருவரும் கதவைத் தொடவில்லை. டென்மார்க்கில் இத்தனை தமிழர் ஒரு முற்றத்தில் இவ்வளவு அமைதியாக இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். அவர்களால்தான் அவள் அத்தனை நேரம் தூங்கினாள்.

ராணி மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கதிரையோடு பின்னால் சாய்ந்தார். பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொடியைப் பார்த்தாள், பிறகு திரும்பி வீட்டு முகப்பைப் பார்த்தாள். முழு முகப்பையும் அவள் அப்போதுதான் பார்க்கிறாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பென்டுக்குத்தான் பெரிய சங்கடம். அரைக்கம்பத்தில் இறக்கிய கொடியை அடக்கம் முடிந்ததும் உச்சிக்கு ஏற்றவேண்டும், அது அவர்களின் முறை. ஆனால் அடக்கம் நடக்கவில்லை. இறந்தவர் சால்வையோடு வாசலில் நிற்கிறார். இதற்கு என்ன முறை என்று அவருக்குத் தெரியவில்லை. ராணியிடமே போய்க் கேட்டார். மேலே ஏற்றுங்கள் என்று அவள் சொன்னாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மிகவும் பவ்வியமாக ஏற்றினார். கொடி உச்சிக்குப் போகும்வரை எல்லோரும் எழுந்து நின்றோம்.

சாவீட்டில் அடுப்பு எரியாது என்று வந்தவர்கள் சாப்பாட்டோடு வந்திருந்தார்கள். புட்டு, சம்பல், சொதி, பிளாஸ்கில் தேத்தண்ணீர். ராணிக்குப் பசி. கதிரையில் இருந்து சாப்பாட்டுக் கோப்பையை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினாள். தன் செத்தவீட்டுப் புட்டைத் தானே சாப்பிட்டவர் எங்கள் பங்கில் இன்றுவரை அவள் ஒருத்திதான். சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பற்றி என்ன கதைச்சனீங்கள் என்று பிலோமினா அக்காவைக் கேட்டாள். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் மறைக்காமல் சொன்னார்.

"ஒருநாளும் வாய் திறந்து முறைப்பாடு சொல்லாத மனிசி எண்டு சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்."

ராணி வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"சொன்னனான் அக்கா," என்றாள். "யன்னலுக்குத்தான் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டார்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லில் சிதறிக் கிடந்த பிணைச்சல்களைப் பொறுக்கத் தொடங்கினேன். பொறுக்கப் பொறுக்கக் கண் மறைத்தது. குசினி மேசையில் தலையை வைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்போதுதான் நான் முழுதாகக் கேட்டேன்.

அதற்குள் அனுஷாவின் நினைவு வந்தது. செய்தி ரண்டர்ஸ்வரை போயிருந்தது. அங்கே இருக்கும் எங்கள் ஆட்கள் வேலைத்தலத்துக்கே போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். அவள் புருஷன் காரை ஓட்ட, இரண்டுபேரும் கடலுக்கு மேலால் போகும் பெரிய பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பிலோமினா அக்காவின் போனை ராணி வாங்கினாள்.

"அனுஷா, அம்மா கதைக்கிறன்," என்றாள்.

மறுபக்கத்தில் அவள் அழுதது எனக்கும் கேட்டது. ராணி போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை, இஞ்சைதான் இருக்கிறன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அனுஷா வந்து சேர்ந்ததும் முதலில் தாயைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி டெனிஷில் நெடுநேரம் பேசினாள். எனக்கு விளங்கிய பகுதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எல்லோரும் போனபிறகு ராணி முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள். இன்றைக்கு வரமாட்டேன் என்றாள். இனி இரவு வேலைக்கே வரமாட்டேன், பகல் வேலை தரமுடியுமா என்றும் கேட்டாள். நான் கதவோரத்தில் நின்றேன். அளவுநாடாவைத் தேடவில்லை. அவள் போனை வைத்ததும், என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இலையுதிர்காலத்தில் இருந்து பகல் வேலை தருவார்கள், அதுவரை வாரத்தில் பாதி நாட்கள்தான் இரவு வேலை என்றாள். இரண்டுபேரும் மிச்சப் புட்டைச் சாப்பிட்டோம்.

இப்போது எங்கள் யன்னல்களில் சாம்பல் நிறத் திரைகள். அதற்கென்று இருக்கும் ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். முதலில் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அளந்தார்கள், நான் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசவில்லை. ஏணியோடு என்னை முற்றத்தில் கண்டால் பென்ட் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், கொடியை எடுக்கட்டுமா என்று கேட்பார். பங்கில் யார் வீட்டுக்காவது வெள்ளையடித்தாலும், வெள்ளைத் திரைச்சீலை வாங்கினாலும், முதலில் பிலோமினா அக்காவுக்குத் தகவல் கொடுத்துவிடுகிறார்கள். அனுஷா சிரிக்க நிறையக் காலம் எடுத்தது. இப்போது அவள்தான் இந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறாள். நான் வாசலில் நின்று "எப்ப அக்கா?" என்று கேட்ட இடத்தை அப்படியே நடித்துக் காட்டுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எங்கோ அந்த இருட்டறையில் கை துழாவியது மட்டும் இன்னும் இருக்கிறது.

ராணி இப்போது மற்றவர்களைப் போல இரவில்தான் படுக்கிறாள். படுக்கையறை, எங்கள் குசினியில் இருந்து நாலடி தூரம். ஆனாலும் படுக்கப்போகும்போது வாசலில் நின்று, வெளியூருக்குப் புறப்படுகிறவள் மாதிரி என்னைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் தவறாமல் சொல்வாள்.

"போட்டு வாறன்."

பகிடிக்குத்தான் சொல்கிறாள். நானும் பகிடிக்குத்தான், "ஓம், போட்டு வாரும்" என்கிறேன். ஆனால் அவள் அதைச் சொல்லாமல் படுத்துவிட்டால், நான் எழும்பிப்போய்க் கேட்டு வாங்கிவிட்டு வந்துதான் விளக்கை அணைப்பேன்.